ஹட்டன் ஞாயிறு பேச்சு மாடி: தேத்தண்ணிக்கு இரண்டு, டீச்சருக்கு ஐந்து

இலங்கை மலையகத்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் ஏறிப் போனால் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை, அதன் பக்கவாட்டில் பலகைப் படி, படி முடிகிற இடத்தில் ஒரு நீள அறை. பெயர்ப் பலகை கிடையாது, அதனால் முதல் நாள் நானே இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரைக்கும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு அங்கே பேசுகிறார்கள். ஆளுக்கு 150 ரூபாய், அதற்குள்ளேயே ஒரு தேத்தண்ணியும் ஒரு வடையும். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், எல்லோருக்கும் வெறும் டீச்சர்தான், அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வருகிறவர்களில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற அக்காமார் இருப்பார்கள், ஆட்டோ ஓட்டுகிற பையன்கள் இருப்பார்கள், ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், ஒரு பாமசிக்காரர், யூனியன் ஆட்கள் இரண்டு மூன்று பேர், அப்புறம் என்னை மாதிரி வாய் ஓயாதவர்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் போய்வருகிறேன். இதைப் பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள், கேட்ட எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எனக்கு அங்க யாரையும் தெரியாது, சும்மா போய் உட்கார்ந்தா ஒரு மாதிரி இருக்காதா?" நியாயமான கேள்வி. இந்த விமர்சனத்தை அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன், அறை பெரிசா சின்னதா, வடை சூடா ஆறியதா என்பதெல்லாம் பிறகு வரும்.

முதலில் வேறொரு இடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எந்த ஊர், எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். பேக்கரியில் வேலை செய்கிற என் கூட்டாளி ஒருவனை அங்கே ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கூரைத் தகரம் மாற்றுவதைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, பஸ்ஸில் வரும்போதே எனக்கு நாலு தரம் சொல்லிப் பார்த்தான். போய் உட்கார்ந்ததும் தலைவர் அவனை எழும்பி நிற்கச் சொன்னார். எந்தத் தோட்டம்? அப்பா பெயர் என்ன? எந்த யூனியன்? யார் சொல்லி வந்தீங்க? நாலுக்கும் பதில் சொன்னான், உட்கார்ந்தான், அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் அவன் வாய் திறக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் "மச்சான், என்னை அங்க வேலைக்கு எடுக்கப் போறாங்களா?" என்று கேட்டான். கூரைத் தகரத்தைப் பற்றி அவன் என்ன சொல்ல நினைத்தான் என்று அந்தச் சங்கத்துக்கு இன்றைக்கும் தெரியாது. பேக்கரியில் எனக்குத் தினமும் சொல்கிறான்.

இந்த மாடியில் அறிமுகம் கிடையாது, அதாவது ஆரம்பத்தில் கிடையாது. நான் முதல் தடவை போனபோது சித்தி மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா கார்மெண்டில் நாலு வருடம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள், வந்ததிலிருந்து யாரோடும் பெரிதாகப் பேச்சில்லை, அம்மாக்காரிதான் "எங்கயாவது கூட்டிட்டுப் போடா" என்று என் தலையில் கட்டினாள். டீச்சர் எங்களைப் பார்த்து "வாங்க, இடம் பார்த்து உட்காருங்க" என்றார், அவ்வளவுதான், பெயர்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஏனென்றால் என்னைப் பற்றிச் சொல்வதற்கு நான் ஒரு சின்னப் பிரசங்கமே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பிறகு ஒரு நாள் இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, எங்க ஆட்களை வரிசையா நிற்க வச்சுப் பேர் கேட்டா அவங்களுக்கு ஞாபகம் வர்றது பிரட்டுதான். பிரட்டில யாரு பேசுவா? பேர் கொடுத்திட்டுத் தலையைக் குனிஞ்சிட்டுத்தான் நிற்பாங்க" என்றார். பிரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுப்பது. கூட்டம் முடிந்து கலைகிறபோதுதான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறார். அதற்குள் அந்த ஆள் ஏதாவது பேசியிருப்பார், அல்லது எதற்காவது சிரித்திருப்பார், பெயர் அதோடு சேர்ந்து எல்லோருக்கும் ஞாபகத்தில் நிற்கும். பிரட்டுக்களத்தைப் பார்த்தே இராத வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம்.

சரி, மணிக் கதைக்கு வருகிறேன். அங்கே ஒரு சின்னப் பித்தளை மணி இருக்கிறது, சாமி அறையில் ஆட்டுகிற மாதிரி. ஒருவர் ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம்தான் பேசலாம், மூன்று நிமிஷம் ஆனதும் மணி அடிக்கும், வசனத்தை முடித்துவிட்டு நிறுத்த வேண்டும். அந்த மணி யார் கையில் இருக்கும் தெரியுமா? அன்றைக்கு வந்த புது ஆள் கையில். இதில்தான் டீச்சரின் மூளை இருக்கிறது. புதிதாக வருகிற ஒருவருக்கு ஏதாவது வேலை கொடுத்தால் கூச்சம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், நம்மிடத்தில் அதற்காக என்ன செய்வோம், தேத்தண்ணித் தட்டைக் கையில் கொடுத்து "இதை எல்லாருக்கும் கொடும்மா" என்போம். டீச்சர் இதற்குப் பரம விரோதி. புதிதாக வந்த பொம்பளைப் பிள்ளைக்கு முதல் நாள் தட்டைக் கொடுத்தால் அடுத்த வாரமும் அது தட்டைத்தான் தூக்கும், அதற்கடுத்த வாரம் வராது என்பார். தட்டு அவரவர் எடுத்துக்கொள்வது, பாமசிக்காரரும் எழும்பிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அன்றைக்கு மணி என் தங்கச்சி கையில். நான் மூன்றாவதாகப் பேச எழும்பினேன். பழக்கதோஷம், முன்னுரை சொல்லவே எனக்கு இரண்டு நிமிஷம் ஆகும். விஷயத்துக்குள் இறங்கினேனோ இல்லையோ மணி அடித்தது, நான் கேட்காத மாதிரி "ஆகவே" என்று அடுத்ததைத் தொடங்க, மணி இரண்டாம் தரம் இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தது, கூடவே ஒரு குரல்: "மூணு நிமிஷம் ஆச்சு அண்ணே." அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான், என்னை உட்காரச் சொல்லி. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், வீட்டுக்கு வந்த பிறகு அவள் பல் தெரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பஸ் ஏறும் வரைக்கும் கொஞ்சம் இருந்தது.

அன்றைய தலைப்பு, தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் கொழும்புக்குப் போகிறார்கள் என்பது. ஆண்கள் நாங்கள் பொருளாதாரம், கல்வி, அடையாளம் என்று முழங்கிக்கொண்டிருந்தோம், எங்களில் ஒருவரும் அங்கே ஒரு மாதம் வேலை செய்தவரில்லை. டீச்சருக்கு என் தங்கச்சி எங்கே இருந்து வந்தவள் என்று தெரியும், படியில் ஏறும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். வேறு யாராவது நடத்தியிருந்தால் "இங்கே கட்டுநாயக்காவில் வேலை செய்த ஒரு சகோதரி இருக்கிறார், அவருடைய அனுபவத்தைக் கேட்போம்" என்று அறிவித்திருப்பார்கள், அவள் பூமிக்குள் புதைந்திருப்பாள். டீச்சர் எழும்பிக்கூட நிற்கவில்லை, வடையைப் பிட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் இருந்து கேட்கிற மாதிரிக் கேட்டார்: "அங்க ரூமுக்கு வாடகை எவ்வளவு பிள்ளை எடுக்கிறாங்க?"

"ஆளுக்கு அஞ்சாயிரம் டீச்சர்."

அத்தோடு நின்றது. டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார், அடுத்த கேள்வி கேட்கவில்லை, வேறு ஆள் பக்கமும் திரும்பவில்லை. அறை சும்மா இருந்தது. எனக்கு நாக்கு அரித்தது, அந்த இடைவெளியில் நான் ஒரு உரையே நிகழ்த்தியிருப்பேன். அப்போது அவள் தானாகவே, "கரண்டுக்கும் தண்ணிக்கும் வேற" என்றாள். இன்னும் கொஞ்சம் நேரம் போனது. "நாலு பேர் ஒரு ரூமில, மெத்தை ரெண்டுதான். ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்றவ, பகல் ஷிப்டுக்குப் போறவ எழும்பின சூட்டிலேயே படுப்பா." பிறகு ஊருக்கு அனுப்புகிற காசு, தீபாவளிக்கு லீவு கேட்டுச் சூப்பர்வைசரிடம் நின்றது, போர்டிங் ஆன்ட்டி சிங்களத்தில் திட்டினால் முதல் ஆறு மாதம் புரியாமல் இருந்தது, பிறகு புரியத் தொடங்கியது, புரியாமல் இருந்த காலமே பரவாயில்லை என்று நினைத்தது. மூன்று நிமிஷம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மணி அவள் மடியிலேயே கிடந்தது, யாரும் அடிக்கவில்லை.

டீச்சர் காத்திருந்தாரே, அந்த வித்தையைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் நடக்கிற பேச்சை ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவுதான் பொறுக்கிறார்கள், அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதையே மூன்று விநாடியாக்கியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பதில் வந்த பிறகும் உடனே வாயைத் திறக்காமல் இருப்பதும் இதில் அடக்கம், டீச்சர் அந்த வாடகைக்குப் பிறகு செய்தது அதைத்தான். மூன்று விநாடி என்று எழுத லேசாக இருக்கிறது, பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிற அறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள், சாமி ஊர்வலம் போய் வருகிற நேரம் மாதிரி இருக்கும். டீச்சர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறேன், தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்கிறார். கோப்பை காலியாக இருந்தாலும் வைத்துக்கொள்கிறார்.

சுவரில் பழைய கலண்டர் தாளைத் திருப்பி மார்க்கரில் எழுதி ஒட்டிய விதிகள் சில இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்பதும் அதில் ஒன்று, அதெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டைச் சொல்ல வேண்டும். ஒரு தரம் பேசியவர், இன்னும் பேசாதவர் யாராவது கையை உயர்த்தினால் அவருக்கு வழிவிட வேண்டும், எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும். இது உலகத்தில் பழைய விதிதான், ஹென்றி மார்ட்டின் ரொபர்ட் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் கூட்டங்கள் நடத்துவதற்காக 1876ல் வெளியிட்ட விதித் தொகுப்பின் வழியாகப் பரவிய வழக்கங்களில் இதுவும் ஒன்று. தேவாலயக் கூட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்கப் போய், கூட்டம் கைமீறி, அவமானப்பட்டுத்தான் அந்த மனிதர் இந்த வேலையில் இறங்கினாராம். நம்மூர்ச் சங்கக் கூட்டங்களுக்கு ஒரு தடவை வந்திருந்தால் பத்து வருடம் முந்தியே எழுதி முடித்திருப்பார்.

இரண்டாவது விதி: இங்கே கேட்டதை வெளியே சொல்லலாம், யார் சொன்னது என்று சொல்லக்கூடாது. லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்கிற இடத்தில் 1927லிருந்து இதே மாதிரி ஒரு விதி உண்டு, இராஜதந்திரிகளும் அதிகாரிகளும் மனம் விட்டுப் பேசுவதற்காக. நம் பக்கத்தில் இதன் தேவை வேறு மாதிரி. கொழுந்து நிறுக்கிற தராசைப் பற்றி ஒரு அக்கா இங்கே ஞாயிற்றுக்கிழமை சொன்னால், திங்கட்கிழமை காலையில் அது கணக்கப்பிள்ளை காதுக்குப் போயிருக்கும், செவ்வாய்க்கிழமை அந்த அக்காவுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதனால் புதிதாக யார் வந்தாலும் இந்த ஒரு விதியை மட்டும் டீச்சர் வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் தலைப்பைத் தொடங்குவார். படிக்கத் தெரியாதவர்களும் வருகிறார்கள் என்பதால்தான் வாயால் சொல்வது.

சண்டை வருமா என்றால், வரும். 2024 கடைசியில் ஒரு ஞாயிறு, சம்பளம் தலைப்பு, இரண்டு யூனியன்காரர்கள், கேட்கவா வேண்டும். தோட்டத்து நாள் சம்பளம் 1,700 ரூபாய் கிடைக்காமல் போனதற்கு யார் காரணம் என்று ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார், மற்றவர் "நீங்க எல்லாம்" என்று தொடங்கினார். "நீங்க எல்லாம்" என்று தொடங்குகிற வசனம் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த இரண்டு அக்காமார் மெல்லப் பையைத் தூக்கத் தொடங்கினார்கள். டீச்சர் சத்தம் போடவில்லை. எழும்பி நின்றவர் கையில் சோக்கைக் கொடுத்து, "எது எப்ப நடந்தது என்று தேதி போட்டு போர்டில எழுதுங்க, அவர் பிழை இருந்தா திருத்தட்டும்" என்றார். அவர் எழுதினார்: 2021 மார்ச், 1,000 ரூபாய்க்கு வர்த்தமானி (அரசாங்க கெசட்). 2024 மே 1, கொட்டகலையில் 1,700 அறிவிப்பு. கம்பனிகள் கோர்ட்டுக்குப் போனது. செப்டெம்பர், 1,350. மற்றவர் இடையில் ஒரு திகதியைத் திருத்தினார், இவர் அழித்து எழுதினார். எழுதி முடிக்கிறபோது இரண்டு பேரும் போர்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை, இன்றைக்கும் ஒருவர் வந்தால் மற்றவர் ஜன்னல் பக்கம் போய்விடுவார். ஆனால் பையைத் தூக்கிய அக்காமாரில் ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "1,350 என்று எழுதியிருக்கீங்க, கிலோ கணக்குக் குறைஞ்சா எங்களுக்கு அது முழுசா விழாது, அதையும் எழுதுங்க" என்றார். எழுதினார்கள். அன்றைக்குப் பேசியதில் உருப்படியான பேச்சு அதுதான்.

பேசவே வராதவர்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு, சில வாரங்களில் பாட்டோடு தொடங்குகிறார்கள். தாலாட்டோ, கும்மியோ, யாராவது ஒரு பாட்டியம்மா இரண்டு வரி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள், அந்த நேரத்தில் அறையில் எல்லோருடைய குரலும் ஒரு தரம் வெளியே வந்துவிடும். 1930களில் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய நடேசய்யருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார் என்று படித்திருக்கிறேன். மேடையில் பேசுகிற பெண்ணையே பார்த்திராத காலத்தில் பாடுகிற பெண். அந்த வழக்கம் எங்கே போனதோ, இப்போது மைக் செட்காரன் போடுகிற சினிமாப் பாட்டுத்தான். மாடியில் நான் பாடுவதில்லை, அதற்கும் சேர்த்து எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, குறைகள். தேத்தண்ணி. தேயிலை மலைக்கு நடுவில், ஜன்னலைத் திறந்தால் எதிர்ப்பக்கம் கொழுந்து தெரிகிற இடத்தில், இப்படி ஒரு சாயத்தண்ணியைக் கொடுப்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். நல்ல இலை எல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது, நமக்கு மிஞ்சுவது தூள் என்ற பழைய பல்லவி எனக்கும் தெரியும், ஆனால் தூளிலும் கொதிக்கிற தண்ணியை ஊற்றினால் சாயம் இறங்கும் சார், கீழ்க் கடையில் இருந்து படியேறி வருவதற்குள் ஆறிப்போகிறது. வடை பரவாயில்லை, பருப்பு மொறுமொறு என்று இருக்கும். படி செங்குத்து, கைபிடி ஒரு பக்கம்தான், முழங்கால் வலிக்காரர்கள் ஏற முடியாது. கீழ்க் கடைக்காரரோடு பேசி மாதத்தில் ஒரு ஞாயிறாவது கீழேயே வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன், கடைக்காரருக்கு ஞாயிறு வியாபாரம் முக்கியம். கழிவறை கடைக்குப் பின்னால், சாவி கல்லாவில், பெண்கள் அதைக் கேட்டு வாங்கப் படுகிற பாட்டை டீச்சர் கவனித்த மாதிரித் தெரியவில்லை. டிக்கோயா பக்கத்திலிருந்து ஒரு சிங்களப் பையன் நாலைந்து தரம் வந்தான், நன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பான், யாராவது நாலு வசனம் பேசினால் பக்கத்தில் இருப்பவர் அவனுக்கு அரை வசனம் மொழிபெயர்ப்பார். இப்போது வருவதில்லை. எனக்குச் சிங்களம் வரும், நானாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

பெரிய குறை ஒன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா ஒரு நாள் வந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தலைப்பு கோச்சியைப் பற்றி, அதாவது ரயில், ஸ்டேஷன், டிக்கெட், கூட்டம் என்று லேசாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் கையை உயர்த்தினார். 1964ல் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் இந்திய வம்சாவளி ஆட்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று காகிதத்தில் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் அவருடைய அண்ணன் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகிற கோச்சியில், ஒப்பாரிக் கோச்சி என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது அதற்குத்தான், ஹட்டன் ஸ்டேஷனில் அண்ணன் குடும்பத்தை ஏற்றிவிட்டதைச் சொல்லிக்கொண்டு வந்தார். மெதுவாகப் பேசுகிறவர், ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் நிறைய நேரம். "கோச்சி அசையும்போது எங்கம்மா" என்றார், மணி அடித்தது.

அன்றைக்கு மணி வைத்திருந்தது ஏ.எல். பையன் ஒருவன், அவனும் முதல் நாள், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐயா உடனே கையைக் கூப்பி "மன்னிக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார். டீச்சர் "பரவாயில்ல, சொல்லுங்க ஐயா" என்று இரண்டு தரம் கேட்டார். அவர் சிரித்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கலைகிறபோது வாசலில் பெயர் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அந்த அம்மா என்ன செய்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் நான் டீச்சரிடம் கொஞ்சம் காரமாகவே பேசினேன். என்னை அடக்குவதற்கு வைத்த மணியை அவருக்கு அடித்தால் எப்படி என்று கேட்டேன். அவர் தன் பக்க நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. கலண்டர் தாளில் ஒரு வரி கூடியது: முதல் தடவை பேசுகிறவருக்கு மணி இல்லை. அந்த ஐயாவின் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டதாகவும் கேள்விப்பட்டேன். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் மாடிக்கு மொத்தமாக ஐந்துக்கு ஐந்து கொடுக்காமல் நாலோடு நிறுத்துகிறேன். தேத்தண்ணிக்காகவும் அரை குறைக்கலாம் என்று இருந்தேன், விட்டுவிட்டேன்.

இன்னொன்று சொல்ல மறந்தேன், துணை. புதிதாக வருகிறவர் பக்கத்தில் என்னை மாதிரிப் பழைய ஆட்களை டீச்சர் உட்கார விடமாட்டார். போன மாதம் புதிதாக வந்தவரைத்தான் உட்கார வைப்பார், இரண்டு மூன்று தரம் வந்து, சாவி எங்கே, வடை எப்போது, எந்தக் கதிரை ஆடும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட ஆள். பழைய ஆட்கள் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த இடத்தின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவோம், புது ஆளுக்கு வேண்டியது செருப்பை எங்கே கழற்றுவது என்பது. என் தங்கச்சி இப்போது அநேகமாக எல்லா வாரமும் யாருக்காவது துணையாக உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் லிந்துலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அந்தப் பிள்ளை மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. விஷயம் புரிந்தது, நான் அன்றைக்கு முன்னுரை இல்லாமலே தொடங்கினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: பத்தாம் திகதி சம்பளத்துக்குப் பிறகு வருகிற ஞாயிறு போக வேண்டாம், ஊரே சாமான் வாங்க டவுனில் நிற்கும், மாடியில் நாலு பேர்தான் இருப்பார்கள், அந்த நாலில் நானும் ஒருவன், என் பேச்சைத்தான் கேட்க வேண்டிவரும். இரண்டு மணி என்று போட்டிருந்தாலும் துணி துவைத்து விறகு எடுத்துவிட்டு வருகிற அக்காமாருக்காக இரண்டரைக்குத்தான் உண்மையில் தொடங்குகிறது. 150 ரூபாய் கையில் இல்லாவிட்டால் சும்மா போய் உட்காருங்கள், டப்பா வாசலில் இருக்கும், யார் போட்டார் போடவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. தோட்டத்து உள்ரோட்டுப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நாலேகாலுக்கே எழும்பிப் போகலாம், அதற்கு அங்கே யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. குடை எடுத்துப் போங்கள், ஜன்னலில் இருந்து மூன்றாவது கதிரையில் மட்டும் உட்காராதீர்கள், மழை வந்தால் நேராக அதன் மேல்தான் ஒழுகும்.